தொண்ணூறில் முப்பது

ஜூலி வேலை செய்த அறைக்கு இரண்டு கதவுகள். வெளிக்கதவைச் சாத்தினால்தான் உள்கதவு திறக்கும். இரண்டுக்கும் நடுவில் நின்று தலை முதல் கால் வரை மூடுகிற வெள்ளை உடையைப் போட்டு, முகமூடி கட்டி, ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு ஜோடிக் கையுறை மாட்டிக்கொள்ள வேண்டும். உள்ளே போன பிறகு மூக்கு அரித்தால் அரிப்போடுதான் இருக்க வேண்டும். ஜன்னல் கிடையாது. வெளியில் மழையா வெயிலா என்பதை, சுவரில் மாட்டியிருந்த ஈரப்பதம் காட்டும் கருவியைப் பார்த்துத்தான் ஊகிக்க முடியும்.

மைசூர் ஹெப்பால் தொழிற்பேட்டையில் ஒன்பது பேர் வேலை பார்த்த ஒரு சின்னக் கம்பெனி அது. ஸ்ரீதேவி என்ற கன்னடப் பெண்மணி தொடங்கி நடத்தினார். மருந்தியலில் டாக்டர் பட்டம் வாங்கியவர். அங்கே செய்தது ஒரே ஒரு பொருள்தான். சட்டைப் பொத்தான் அளவு எஃகுத் தகடு, அதில் ஐம்பது ஊசிகள். ஒவ்வொரு ஊசியும் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. விரலால் தடவினால் சொரசொரவென்று இருக்கும், அவ்வளவுதான். அந்த நுனிகளில் மருந்தைப் பூசிக் காயவைத்து, ஒட்டும் பேட்ச்சில் பதிப்பார்கள். தோலில் வைத்து அழுத்தினால் நுனிகள் உள்ளே போய், மருந்து கரைந்து ரத்தத்தில் கலந்துவிடும்.

இன்சுலின் போட்டுக்கொள்கிறவர்களுக்குச் சிலசமயம் சர்க்கரை தடாலென்று இறங்கிவிடும். நினைவு தப்பிப்போனால் வாயில் எதையும் ஊற்ற முடியாது. அந்த நேரத்தில் சர்க்கரையை மேலே கொண்டுவருகிற மருந்துதான் இந்தப் பேட்ச்சில் இருந்தது. ஊசி போடத் தெரியாதவர்கூட ஓடிவந்து கையில் அழுத்தி ஓர் உயிரைக் காப்பாற்றலாம் என்பது ஸ்ரீதேவியின் எண்ணம்.

ஜூலிக்கு அது வெறும் எண்ணமாக இருக்கவில்லை. அவள் கணவன் மேக்ஸ்வெல் பதினான்கு வயதிலிருந்து இன்சுலினில் வாழ்கிறவன். பன்னிமண்டபத்துப் பக்கம் ஒரு பள்ளியில் விளையாட்டு ஆசிரியர். ஒருமுறை மைதானத்தில் சர்க்கரை இறங்கி, கால் பின்னி, வார்த்தை குழறி, விசிலை எங்கோ எறிந்துவிட்டு உட்கார்ந்துவிட்டான். வாத்தியார் குடித்துவிட்டு வந்திருக்கிறார் என்று ஒரு பையனின் அப்பா தலைமையாசிரியரிடம் எழுதிக் கொடுத்தார். அதன் பிறகு ஆறு மாதம் மேக்ஸ்வெல் யாரோடும் சரியாகப் பேசவில்லை. அப்போதுதான் ஜூலி, எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் மைக்ராஸ்கோப்பின் கீழ் சால்டரிங் செய்துகொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு ஸ்ரீதேவியிடம் வந்து சேர்ந்தாள். நடுங்காத கை அவளுக்கு. பூச்சு வேலைக்கு அதுதான் முதல் தேவை.

மருந்துக் கரைசல் இளம்பாகு பதத்தில் இருக்க வேண்டும். தகட்டைத் தலைகீழாகப் பிடித்து, ஊசி நுனிகள் மட்டும் நனையும்படி இறக்கி, ஒரு மூச்சு நேரம் வைத்து, அதே நிதானத்தில் தூக்க வேண்டும். காயவிட்டு மறுபடி முக்க வேண்டும். இப்படி ஆறு முறை. காற்றில் ஈரம் ஏறினால் பூச்சு காயாது. வழிந்து ஊசியின் அடியில் போய்த் தேங்கிவிடும். அடியில் தேங்கியது தோலுக்குள் போகாது. பேட்ச்சில் மருந்து இருக்கும், ஒட்டியவர் உடம்புக்கு மட்டும் கிடைக்காது.

விஷயம் நடந்தது போன ஜூலையில். மனிதர்களிடம் சோதிக்க அனுமதி கேட்பதற்கு முன்னால், தொண்ணூறு பேட்ச் பூசி, அதில் முப்பதைக் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பதுபோல் எடுத்து, பன்றித்தோலில் அழுத்தி எவ்வளவு மருந்து உள்ளே போகிறது என்று அளந்து காட்ட வேண்டும். எந்த முப்பது என்பதைக் கம்ப்யூட்டர் தரும் எண்கள்தான் தீர்மானிக்கும். முன்பு இரண்டு முறை செய்து இரண்டு முறையும் தேறவில்லை. மூன்றாவதும் போனால் மூடிவிட வேண்டியதுதான் என்று ஸ்ரீதேவி எல்லோரையும் உட்கார வைத்துச் சொல்லியிருந்தார்.

அன்று விடாத மழை. ஈரத்தை உறிஞ்சும் இயந்திரம் மதியத்துக்குள் இரண்டு முறை நின்றுபோனது. ஜூலி தொண்ணூறையும் பூசி முடித்து மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தபோது, ஆறில் ஒன்று வழிந்திருந்தது தெரிந்தது. எண்கள் அச்சடித்த தாள் மேஜைமேல் இருந்தது. அறையில் அவள் ஒருத்திதான். அவள் அந்த எண்களின்படி எடுக்காமல், நன்றாக இருந்த முப்பதைக் கண்ணால் பொறுக்கினாள். பொறுக்கியவற்றின் மேல் தாளில் இருந்த எண்களை எழுதி ஒட்டினாள். பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

முடிவு அபாரமாக வந்தது. ஸ்ரீதேவி அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார். தேவராஜ மொஹல்லாவிலிருந்து மைசூர்பாகு வந்தது. ஜூலி ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, அடுத்த முறைக்குள் கையை இன்னும் திருத்திக்கொள்ளலாம், இயந்திரத்தைப் பழுது பார்த்துவிடலாம், யாருக்கும் எதுவும் ஆகாது என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

ஆனால் இயந்திரத்தைப் பழுது பார்த்த பிறகும் ஆறில் ஒன்று வழிந்துகொண்டுதான் இருந்தது. கோளாறு மழையில் மட்டும் இல்லை, கரைசலிலும் இருந்தது. அதை அவளால் யாரிடமும் கேட்க முடியவில்லை. கேட்டால், அப்படியானால் ஜூலையில் எப்படி நன்றாக வந்தது என்பார்கள். அதனால் வழிந்தவற்றைத் தானே தனியே எடுத்து, கையாளும்போது சேதமானவை என்று பதிவேட்டில் எழுதிக்கொண்டே வந்தாள். மைக்ராஸ்கோப்பில் மேலிருந்துதான் பார்க்க முடியும். ஊசியின் பின்பக்கம் வழிந்தது கண்ணுக்குத் தெரியாது. தான் நல்லது என்று அனுப்புவதில் எத்தனை கெட்டது என்று அவளுக்கே தெரியாது. பத்து மாதம் இப்படி ஓடியது. மனிதர்களிடம் சோதிக்க அனுமதி தந்து கடிதங்கள் வந்தன. அக்ரஹாரத்துப் பக்கம் ஒரு மருத்துவமனையில் எட்டுப் பேருக்கு முதல் சோதனை என்று நாள் குறித்தார்கள். ஒவ்வொரு கடிதம் வரும்போதும் ஜூலி இரண்டு கதவுகளுக்கு நடுவில் போய் நின்றுகொள்வாள். யாரும் வந்து பேச முடியாத இடம் அது ஒன்றுதான்.

மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதா கோவிலிலிருந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மேக்ஸ்வெல் சிரித்தபடி சொன்னான்.

"அந்த எட்டுப் பேர்ல ஆறாவது ஆள் யாரு தெரியுமா? நான்தான்."

ஜூலிக்குக் கையில் எடுத்த சோறு வாய்க்குப் போகவில்லை. மாதாமாதம் பரிசோதனைக்குப் போகிற இடத்தில் அறிவிப்பைப் பார்த்து, அவளுக்குத் தெரியாமல் பெயர் கொடுத்திருக்கிறான். கம்பெனியில் உறவினர் யாராவது வேலை செய்கிறார்களா என்ற கேள்விக்கு இல்லை என்று குறித்திருக்கிறான். அது விதிக்கு விரோதம் என்றாள் ஜூலி. யாருக்குத் தெரியப்போகிறது என்றான் அவன். பெயரை வாபஸ் வாங்கச் சொன்னாள். ஏன் என்று கேட்டான். விதி, விதி என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

"உன் கையால செஞ்சது, ஜூலி. அதை நான் போட்டுக்காம வேற யார் போட்டுக்கணும்?"

திங்கட்கிழமை காலையில் அவளே மருத்துவமனைக்கு போன் செய்து, ஆறாவது ஆள் தன் கணவர் என்று சொல்லிவிட்டாள். அவர்கள் மேக்ஸ்வெல்லை வரவழைத்து, பொய் சொன்னதற்காக நாலு பேர் முன்னால் கடிந்துகொண்டு பெயரை நீக்கினார்கள். வீட்டுக்கு வந்தவன் ஷூவைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்தான். யார் சொன்னார்கள் என்று அவனுக்கு ஊகிக்கத் தெரியாதா என்ன? அன்றிலிருந்து அவளோடு பேச்சில்லை.

பேச்சில்லாவிட்டாலும் பரவாயில்லை என்றுதான் ஜூலிக்கு இருந்தது. அவன் தப்பித்துவிட்டான். அந்த ஒரு நாள் அவள் நன்றாகத் தூங்கினாள்.

புதன்கிழமை, பேட்ச்சை எப்படி அழுத்த வேண்டும் என்று நர்ஸ்களுக்குக் காட்டுவதற்காக அவள் அந்த மருத்துவமனைக்குப் போனாள். வராந்தாவில் ஒரு பெண்ணும் அவள் அம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள். ஜூலி போனில் பேட்ச்சைப் பற்றித் தமிழில் பேசியதைக் கேட்டுவிட்டு அந்த அம்மா எழுந்து வந்தார்.

"ஏனுங்க, அந்த ஊசி ஒட்டறத நீங்கதான் செய்யறீங்களா?"

ஹனூர்ப் பக்கத்துக் குடும்பம். அம்மா பெயர் ஜோதிமணி, மஞ்சள் போடுகிற குடியானவர் வீடு. மகள் தமிழ்ப்ரியாவுக்கு இருபத்துநான்கு வயது, மைசூரில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர், ஹாஸ்டலில் தனி அறை. தூக்கத்தில் சர்க்கரை இறங்கி எழுந்திருக்காமல் போய்விடுவோமோ என்ற பயத்தில் இரண்டு மணிக்கொருமுறை அலாரம் வைத்துப் படுக்கிறாளாம். ஜோதிமணி ஊரிலிருந்துகொண்டு தினமும் விடிகாலையில் போன் அடித்து, மகள் எடுக்கிறவரை உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பாராம். முதலில் இடம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள், யாரோ ஒருத்தர் விலகியதால் திங்கட்கிழமை கூப்பிட்டார்கள் என்று தமிழ்ப்ரியா சந்தோஷமாகச் சொன்னாள். எந்தப் பக்கக் கையில் ஒட்டுவார்கள், எழுதுகிற கை என்றால் வலிக்குமா என்றெல்லாம் விசாரித்தாள். ஜூலி ஏதோ பதில் சொன்னாள். அந்தப் பெண்ணின் முகத்தை நேராகப் பார்க்க முடியவில்லை. மேக்ஸ்வெல் எழுந்துவிட்ட நாற்காலியில் இவளைத் தானே உட்கார வைத்துவிட்டது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

அன்று சாயங்காலமே ஸ்ரீதேவியின் அறைக்குப் போய், கதவைச் சாத்திவிட்டு, ஜூலையில் செய்ததையும் கரைசலில் இருந்த கோளாறையும் சொன்னாள். ஸ்ரீதேவி திட்டவில்லை.  வேறு யாருக்குத் தெரியும் என்று கன்னடத்தில் கேட்டார். யாருக்கும் தெரியாது என்றாள் ஜூலி. அதற்குப் பிறகு ஸ்ரீதேவி பேசியதெல்லாம் நியாயம்போலவே இருந்தது. எட்டுப் பேர்தான். பக்கத்திலேயே டாக்டர் இருப்பார், கையில் குளுக்கோஸ் ஏற்றத் தயாராக ஊசி செருகியிருக்கும். பேட்ச் வேலை செய்யாவிட்டாலும் ஒரு உயிருக்கும் ஆபத்து இல்லை. இந்தச் சோதனை முடிந்தால் அடுத்த கட்டத்துக்குள் கரைசலைச் சரி செய்துவிடலாம். இப்போது வெளியே சொன்னால் சரி செய்வதற்குக் கம்பெனியே இருக்காது.

"ரொம்ப நல்லதா வந்ததை மட்டும் பொறுக்கி அனுப்புங்க, ஜூலி. நீங்க அதில் கெட்டிக்காரிதானே," என்றார். குத்திக்காட்டவில்லை, கெஞ்சினார். இதற்கு முன் அவர் ஜூலியிடம் கெஞ்சியதே கிடையாது.

உண்மையைச் சொன்னால் வெளியே வந்துவிடலாம் என்று நினைத்துப் போனவள், உள்ளே இன்னொருவரையும் சேர்த்துக்கொண்டு திரும்பினாள்.

வீட்டில் மேக்ஸ்வெல்லிடமும் சொன்னாள். அவன் அவள் பக்கம் திரும்பாமலே கேட்டுக்கொண்டிருந்தான். அவன் பெயரை நீக்க வைத்தது எதற்காக என்பதும் அவனுக்கு இப்போது புரிந்தது. கடைசியில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்.

"எனக்குன்னா வேணாம். அந்தப் பொண்ணுக்குன்னா பரவாயில்லையா?"

 அடுத்த இரண்டு நாளும் ஜூலி அந்தப் பூச்சு அறையில் உட்கார்ந்து, சோதனைக்கு அனுப்ப வேண்டிய முப்பது பேட்ச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒவ்வொன்றையும் சாய்த்து, விளக்கை மாற்றி, பின்பக்கத்தில் நிழல் விழுகிறதா என்று பார்த்தாள். கண்ணில் நீர் கோத்தது. முகமூடிக்குள் துடைக்கவும் முடியாது. சந்தேகமே இல்லாத இரண்டைப் பெட்டியில் எல்லாவற்றுக்கும் மேலே வைத்தாள். முதல் நாள் இரண்டு பேருக்குத்தான் சோதனை, ஆறாவது ஆளின் இடத்தில் சேர்ந்திருந்தாலும் அன்று முதலில் தமிழ்ப்ரியாதான். மேலேயிருந்து எடுப்பார்கள், அவளுக்கு நல்லது கிடைத்துவிடும் என்று நினைத்தாள்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குச் சோதனை. சிறிய வார்டு. தமிழ்ப்ரியா கட்டிலில் சாய்ந்திருந்தாள். ஒரு கையில் இன்சுலின் சொட்டுச் சொட்டாக ஏறிக்கொண்டிருந்தது. வேண்டுமென்றே சர்க்கரையை இறக்கி, பிறகு பேட்ச்சை ஒட்டி, அது ஏறுகிறதா என்று பார்ப்பதுதான் சோதனை. பசவராஜ் என்ற டாக்டர் தலைமாட்டில் நின்றார். ஸ்ரீதேவி சுவரோரம் நின்றார். ஜோதிமணியை வெளியே உட்கார வைத்திருந்தார்கள். ஜூலி குளிர்ப்பெட்டியோடு ஒரு மூலையில் நின்றாள். ஐந்து நிமிடத்துக்கொருமுறை நர்ஸ் அளவை வாசித்தாள். நூற்றுப் பத்து. தொண்ணூற்று நான்கு. எண்பது. தமிழ்ப்ரியாவின் மேலுதட்டில் வேர்வை துளிர்த்தது. ஏதோ சொல்ல வந்து வார்த்தையைத் தேடினாள். ஜூலிக்கு மைதானத்தில் உட்கார்ந்த மேக்ஸ்வெல்லின் முகம் அப்படியே தெரிந்தது.

அறுபத்தொன்று என்றதும் டாக்டர் தலையசைத்தார். நர்ஸ் பெட்டியைத் திறக்கவில்லை. மேஜையிலிருந்து ஒட்டிய உறை ஒன்றை எடுத்துக் கிழித்தாள். எந்தப் பேட்ச் என்பதைக் கம்ப்யூட்டர் முன்கூட்டியே எண் போட்டுக் கொடுத்திருந்தது. இங்கேயும் அதே முறைதான். ஜூலி மட்டும்தான் அதை மறந்திருந்தாள்.

"இருபத்துமூணு," என்று வாசித்துவிட்டு நர்ஸ் பெட்டிக்குக் கை நீட்டினாள்.

இருபத்துமூன்றாவதைப் பார்த்தது ஜூலிக்கு நினைவில்லை. எல்லாவற்றையும் பார்த்தாள், ஆனால் அது எப்படியிருந்தது என்று சொல்ல முடியவில்லை. அவள் பெட்டியின் மூடிமேல் கையை வைத்து அழுத்திக்கொண்டாள்.

"டாக்டர், இதை ஒட்டாதீங்க. இது சரியில்லை. இதைத் தேற வச்சது நான், பொய்யா தேற வச்சேன்."

பதறியதில் தமிழில்தான் சொன்னாள். பிறகு கன்னடத்தில் மறுபடி சொன்னாள். ஸ்ரீதேவி கண்ணை மூடிக்கொண்டார். பசவராஜ் ஒரு கணம்தான் அவளைப் பார்த்தார். உடனே இன்சுலினை நிறுத்தச் சொல்லி, குளுக்கோஸைத் திறந்துவிட்டார். சில நிமிடங்களில் தமிழ்ப்ரியாவுக்குத் தெளிந்தது. கையைத் தடவிப் பார்த்துக்கொண்டு, "ஒட்டியாச்சா?" என்று கேட்டாள்.

அதன் பிறகு நடந்தவற்றில் அதிசயம் ஒன்றுமில்லை. ஜூலி பதினோரு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். சோதனை நிறுத்தப்பட்டது. அந்த முப்பது பேட்ச்சையும் வெளியிலிருந்து வந்த ஒரு குழு ஒவ்வொன்றாகப் பன்றித்தோலில் அழுத்திப் பார்த்தது. ஐந்து கெட்டவை. அவ்வளவு பார்த்துப் பொறுக்கியும் ஐந்து. ஜூலியை வேலையிலிருந்து நீக்கினார்கள். பொருட்களை எடுத்துக்கொள்ளப் போன நாளில் ஸ்ரீதேவி தானே வாசல்வரை வந்தார். பாதி மேஜைகள் காலியாக இருந்தன.

"இருபத்துமூன்று நன்றாகத்தான் இருந்தது, ஜூலி," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சற்றுப் பொறுத்து, "ஜூலையிலேயே சொல்லியிருந்தால் கரைசலை அப்போதே மாற்றியிருப்போம். இந்நேரம் சரியாகியிருக்கும்," என்றார்.

உண்மை அது. ஜூலி அதை நினைக்காத நாள் இல்லை. வேலை போன பிறகும், காலையில் குளித்துத் தலையைப் பின்னி இறுக்கிக் கட்டி, தொப்பிக்குள் அடங்குகிற மாதிரி முடித்துவிட்டு, பிறகுதான் போக இடமில்லை என்பது நினைவுக்கு வரும். மேக்ஸ்வெல் மறுபடி பேசத் தொடங்கியிருந்தான். அதிகம் இல்லை, உப்பு, மழை, பள்ளி இப்படி.

ஜூன் கடைசியில் தமிழ்ப்ரியா போன் செய்தாள். மருத்துவமனையில் எண் வாங்கினாளாம். திட்டப்போகிறாள் என்று நினைத்து ஜூலி எழுந்து நின்றுகொண்டாள். அவள் திட்டவில்லை. அந்தப் பேட்ச் எப்போது வரும் என்று மட்டும் கேட்டாள். தெரியவில்லை என்றாள் ஜூலி. வருஷமாகலாம், வராமலும் போகலாம் என்றாள். 

"அம்மா வேலைய விட்டுட்டு ஊருக்கு வரச் சொல்லிட்டாங்கக்கா. இதை நம்பித்தான் இங்க விட்டு வச்சிருந்தாங்க."

ஜூலி கணவனைப் பார்த்தாள். அவன் கட்டிலில் உட்கார்ந்து விரலைக் குத்திச் சர்க்கரை பார்த்துக்கொண்டிருந்தான். யோசிக்காமல், எங்கள் வீட்டு முன்அறை காலியாகத்தான் இருக்கிறது, இங்கே வந்து இரு, இந்த வீட்டில் எப்போதும் யாராவது சர்க்கரை பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள் என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் அவனிடம் கேட்கவில்லையே என்று தோன்றியது. மேக்ஸ்வெல் தலையை ஆட்டினான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஜோதிமணி மட்டும் வந்தார். முதல் பஸ் பிடித்து வந்திருந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, கொடுத்த காபியைக் குடிக்காமல் வைத்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு என்னவோ குறைன்னு நிறுத்திப்போட்டாங்கன்னு மட்டுந்தானுங்க எங்களுக்குச் சொன்னாங்க. நிறுத்துனது நீங்கன்னு நர்ஸம்மா சொல்லித்தான் தெரியும். என்ன குறைங்க அது?"

எழுதிக் கொடுத்த பதினோரு பக்கத்தை இந்த அம்மா பார்த்ததில்லை. நல்ல பெயரோடு நிறுத்திக்கொள்ள இடம் இருந்தது. மேக்ஸ்வெல் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். ஜூலி எல்லாவற்றையும் சொன்னாள். மழை பெய்த நாளை, பொறுக்கிய முப்பதை, கணவன் பெயரை நீக்கியதால்தான் உங்கள் மகளுக்கு அந்த இடம் வந்தது என்பதை, அது தெரிந்த பிறகும் மூன்று நாள் மருத்துவமனையில் வாய் திறக்காமல் இருந்ததை.

ஜோதிமணி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் கோபமா வேறெதுவுமா என்று ஜூலிக்குத் தெரியவில்லை. காபி ஆறி ஆடை படிந்தது. அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையைச் செருகிக்கொண்டு எழுந்தார்.

"ரூம்பைக் காட்டுங்க," என்றார்.